அடுப்பங்கரைக்கும் ஒரு விடுமுறை
ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூர் வரை

விடுமுறை என்னும் சொல் எல்லார் செவிக்கும் இனிக்கும் சொல். பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பை இல்லாத நாள் அது. அலுவலருக்குக் கோப்பு இல்லாத நாள். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதாத நாள். ஆயினும் வீட்டிலே ஓர் இடமுண்டு. பிறர்க்கெல்லாம் ஓய்வு வரும்போதுதான் அவ்விடத்துக்கு வேலை இரட்டிக்கும். அதுவே அடுப்பங்கரை. விருந்தினர் வரவர அடுப்பு எரியும். அடுப்பு எரியும் வரையில் அதன் முன்னே நிற்பவருக்கு இருக்கை இல்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிச் சில நாள்கள் ஒடுகத்தூரில் எங்கள் பெரியம்மாவின் இல்லத்தில் தங்கியிருந்தோம். அங்கே உண்ட விருந்தையும், அங்கிருந்து ஆம்பூர் சென்று உண்ட விருந்தையும், இவ்விரண்டுக்கும் இடையே கண்டறிந்த சிலவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மலையடிவாரத்து ஊர்

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகப் பயணம் செய்தால் ஒடுகத்தூரை அடையலாம். சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி இது. தொலைவில் நீலக் கோடாய்த் தெரியும் மலை, ஊரை நெருங்க நெருங்கப் பச்சை நிறம் பூண்டு, பின்பு பாறையும் மரமுமாய்ப் பிரிந்து கண்ணெதிரே எழுந்து நிற்கும். அம்மலையிற் பிறக்கும் உத்திரகாவேரி ஆறு இவ்வட்டாரத்து நிலங்களை நனைத்துச் சென்று பாலாற்றோடு கலக்கிறது. மழை பெய்தால் செந்நீராய்ப் பெருகிவரும். கோடையில் மணலைத்தான் காணலாம். நாங்கள் சென்ற மார்கழியில் மணலின் ஓரமாய் மெல்லிய நீரோட்டம் ஒன்று இருந்தது. காலைப் பனியில் அதைப் பார்த்து நிற்பதே ஓர் இன்பம்.

மலைமேல் பீஞ்சமந்தை முதலான சிற்றூர்கள் உள்ளன. அங்கு வாழும் பழங்குடி மக்கள் சாமையும் புளியும் தேனும் பலாவும் விளைவிலும் வனத்திலும் பெற்றுக் கீழிறங்கி வருவர். உப்பும் துணியும் மருந்தும் வாங்கிக்கொண்டு மலையேறுவர். ஆக, ஒடுகத்தூர் கடைத்தெருவில் நின்றால் மலையின் பொருளும் சமவெளியின் பொருளும் ஒன்றையொன்று கடந்து செல்வதைக் காணலாம். பெரியம்மாவின் வீட்டில் கிறிஸ்து பிறப்பு நாளன்று குழம்புக்குக் கரைத்த புளியும் மலைப்புளியே. “கடைப்புளி நிறம் கொடுக்கும், மலைப்புளி ருசி கொடுக்கும்” என்பது அவர்தம் தீர்ப்பு.

சந்தையிலிருந்து பிரியும் இரு வழிகள்

வேலூர் வட்டாரத்துச் சந்தைகளுக்கு ஒவ்வொரு கிழமை உண்டு. கே.வி.குப்பத்து ஆட்டுச்சந்தை திங்கட்கிழமை; பொய்கை மாட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை; ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தையோ வெள்ளிக்கிழமை. தீபாவளி, பொங்கல், ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்து பிறப்பு ஆகிய திருநாள்களுக்கு முந்திய வெள்ளியில் சந்தையில் கால் வைக்க இடமிராது. விடியுமுன்பே சரக்கு வண்டிகள் வந்து நிற்கும். எந்த மதத்தார் கொண்டாடும் திருநாளாயினும் ஆட்டுக்கு விலை ஏறிவிடும் என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

எங்கள் பெரியப்பா ஆடு தேர்ந்தெடுப்பதை அருகிலிருந்து பார்த்தோம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது அறிந்தார். முதுகுத்தண்டின் இரு மருங்கும் விரலால் அழுத்திச் சதைப்பிடிப்பை அறிந்தார். பேரம் படிய அரைமணி நேரம் ஆயிற்று. விலை முடிந்ததும் விற்றவரும் வாங்கியவரும் ஒரே குவளைத் தேநீரைப் பங்கிட்டுக்கொண்டது, வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி.

இச்சந்தையிலிருந்து ஓர் ஆட்டுக்கு இரண்டு வழிகள் பிரிகின்றன. அதன் இறைச்சி இல்லங்களின் சட்டிக்கும் பிரியாணிக் கடைகளின் அண்டாவுக்கும் செல்கிறது. அதன் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குச் சென்று, மெருகேறி, காலணியாகிக் கப்பலேறுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையின் ஊர்கள் பலவும் அவ்விரண்டாம் வழியால் வாழ்பவை. சோறும் தோலும் ஒரே உயிரிலிருந்து வருகின்றன என்பதை இவ்வட்டாரத்தார் ஒரு நாளும் மறப்பதில்லை.

ஒரு காலத்தில் இங்குள்ளோர் ஆவாரம்பட்டை முதலியவற்றால் தோலைப் பதனிட்டு, முற்றுப்பெறாத நிலையிலேயே அயல்நாடுகளுக்கு அனுப்பிவந்தனர். செருப்பும் காலணியும் பையும் அங்கேதான் உருவாயின. 1972-இல் சீதாராமையா குழு தன் பரிந்துரையை அளித்தது. அதையொட்டி, அரைகுறைப் பக்குவத்துத் தோலின் ஏற்றுமதியை அரசு 1973 முதல் கட்டுப்படுத்தியது. முழுமையாய்ச் செய்து முடித்த பொருளையே அனுப்ப வேண்டும் என்ற நோக்கத்தால் காலணி ஆலைகள் பெருகின. தோல் ஊறவைக்கும் தொட்டியில் ஆண்களே மிகுதியாய் உழைத்தனர்; காலணி தைக்கும் எந்திரத்தின் முன்போ பெண்கள் அமர்ந்தனர். சிற்றூர்ப் பெண்கள் விடியற்காலையில் ஆலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் காட்சி இப்பகுதிக்கு உரியதாயிற்று. இதனால் குடும்பத்துக்கு வருவாய் வந்தது. பிள்ளைகள் கல்லூரி கண்டனர். ஆனால் வெளியே வேலைக்குச் சென்றதனால் வீட்டுவேலை யாருக்கும் கைமாறவில்லை. ஒருவரே இரண்டையும் சுமந்தனர்.

ஆண்டுக்கு ஒன்பது நாள்

எங்கள் அண்ணியார், அதாவது பெரியம்மாவின் மருமகள், காலணியின் மேல்தோலைத் தைக்கும் பிரிவில் பணிபுரிகிறார். விடியல் நான்கு மணிக்கு எழுந்து, மூன்று அடுக்குப் பாத்திரங்களில் மூவருக்கு மதிய உணவு கட்டி வைத்துவிட்டு ஆறரை மணிப் பேருந்தைப் பிடிப்பார். மாலையில் இருட்டிய பிறகே திரும்புவார்.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்குத் தேசிய, பண்டிகை விடுமுறைகளை உறுதி செய்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், பண்டிகைக்கென ஐந்து நாள்களும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது நாள். வாராந்தர ஓய்வு இதற்குப் புறம்பானது. ஒன்பதில் ஒன்று கிறிஸ்து பிறப்பு நாள். அந்த ஒரு நாளை அண்ணியார் எவ்வாறு கழித்தார் என்பதை வாசகர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னிருந்தே இரவுகளில் பலகாரம் தொடங்கிவிட்டது. அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப் பாகு பதம் பார்த்து மாவு கிளறி, அம்மாவு இரண்டு நாள் உறைந்து கிடக்க வேண்டும். பாகு ஒரு நிமிடம் முந்தினால் அதிரசம் எண்ணெயிற் பிரிந்துபோகும்; ஒரு நிமிடம் பிந்தினால் கல்லாகும். அடுத்து அச்சு முறுக்கு; அச்சு போதிய சூடு ஏறினால்தான் மாவு அதைப் பற்றும், பின் எண்ணெயில் அதை விட்டுப் பிரியும். அதன்பின் கலகலா, சோமாசி. ஒன்பது வீட்டுக்குத் தட்டு அனுப்ப வேண்டும் என்பது பெரியம்மாவின் கணக்கு. இந்து சமயத்து அண்டை வீட்டாருக்கும், கடைத்தெருவில் துணிக்கடை வைத்துள்ள இஸ்லாமியக் குடும்பத்துக்கும் அத்தட்டுகள் சென்றன. அவ்வீடுகளிலிருந்து பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் தட்டு வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பியனுப்பும் வழக்கம் இவ்வூரில் இல்லை.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்ப இரண்டு மணி. அண்ணியார் படுத்தது இரண்டரை, எழுந்தது நான்கரை. காலையில் இட்லியும் கறிக்குழம்பும். நண்பகலில் சோறு, இறைச்சி வறுவல், எலும்புச் சாறு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம், வடை, பாயசம். உண்டவர் இருபத்திரண்டு பேர். முதற் பந்தியில் ஆண்களும் விருந்தினரும்; இரண்டாம் பந்தியில் பிள்ளைகளும் முதியோரும்; மூன்றாம் பந்தி பெண்களுக்கு. மூன்றாம் பந்திக்கு முன்பே வறுவல் தீர்ந்துவிட்டது. அண்ணியார் மட்டும் அப்பந்தியிலும் அமரவில்லை. பந்தி முடிந்து பிள்ளைக்கு மருந்து கொடுத்து, வந்தவர்களுக்குத் தேநீர் போட்டு, நான்கு மணிக்கு அடுப்பருகில் நின்றவாறே ரசச் சோற்றை உண்டார். யாரும் அவரை வருத்த எண்ணவில்லை. எல்லாரும் அவர் சமையலைப் புகழ்ந்தனர். புகழ்ச்சியிலே பசி ஆறுமா?

இது ஒரு வீட்டின் கதையன்று. நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் என்று தெரியவந்தது. அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாய் 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் என்பது, ஆலையில் எட்டு மணி நேரம் உழைத்தவருக்கு மற்றுமோர் அரைநாள் வேலையன்றோ?

பெரியப்பாவின் ஏற்பாடு

விழாவுக்கு அடுத்து வந்த ஞாயிறு திருக்குடும்ப விழா. பெரியப்பா அந்த நாளைத் தீபாவளிக்கு முன்னதாகவே குறித்து வைத்திருந்தார். மாதந்தோறும் தம் ஓய்வூதியத்தில் ஒரு தொகையைத் தனி உறையில் இட்டுவந்திருக்கிறார். சனிக்கிழமை இரவு உணவு முடிந்ததும் அந்த உறையை எடுத்து எல்லார் முன்னிலையிலும் வைத்து, “நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. திருப்பலி முடிந்ததும் எல்லாரும் ஆம்பூருக்குப் போகிறோம்” என்றார்.

முதலில் மறுத்தவர் ஆயா. எண்பதைக் கடந்தவர், கடையில் அமர்ந்து உண்ணாதவர். “பண்டிகைக் காலத்தில் அடுப்பை அணைச்சு வைப்பாங்களா? கடைச்சோறு திங்கறதுக்கு நாம என்ன வீடில்லாதவங்களா?” என்று கேட்டார். அவர் தலைமுறையில் கடைச்சோறு என்பது வழிப்போக்கருக்கும் கச்சேரிக்கு வந்தவருக்கும் உரியது. வீட்டுப் பெண் சமைத்திருக்க, வெளியே உண்பது அவளுக்கு இழுக்கு என்று எண்ணிய காலம் அது.

பெரியப்பா சினம் கொள்ளவில்லை. “அம்மா, உங்க மருமக நாற்பது வருஷம் ஆக்கிப் போட்டா. அவ மருமக பத்து வருஷமா ஆக்கிப் போடறா. சமையல் நல்லா இல்லைன்னு போகலை. சமைச்சவங்க ஒரு நாள் உட்காரட்டும்னு போறோம்” என்றார். ஆயா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “எனக்குக் காரம் ஆகாது, தயிர் கிடைக்குமா கேளு” என்றார். அதுவே அவர் இசைவு.

மாதனூர் வழியாக

ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூருக்கு மாதனூர் வழியாகச் செல்ல வேண்டும். தென்னந்தோப்பும் கரும்பும் வாழையும் நெல்வயலும் மாறிமாறி வரும் சாலை அது. மாதனூரில் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையைத் தொட்டதும் உலகமே மாறிவிடும். மாட்டுவண்டிக்கும் மிதிவண்டிக்கும் வழிவிட்டுச் சென்ற பேருந்து, இப்போது பெருஞ்சரக்கு வண்டிகளின் நடுவே விரைந்து செல்லும். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஒடுகத்தூர் வேலூர் மாவட்டத்திலும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலுமாக நிற்கின்றன. ஆனால் ஆடும் தோலும் ஆலைப் பேருந்தும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை.

அண்ணியார் அச்சாலையை நாள்தோறும் இருளிலேயே கடப்பவர். அன்று வெளிச்சத்தில், சன்னலோரம் அமர்ந்து, மடியில் பிள்ளையோடு பார்த்துக்கொண்டே வந்தார். பாலாற்றின் அகன்ற மணற்பரப்பு கண்ணில் பட்டபோது பிள்ளை, “தண்ணி எங்கேம்மா?” என்று கேட்டது. அவ்வினாவுக்கு விடை நீண்டது. தோல் ஆலைக் கழிவுகளால் இவ்வாற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்த தீங்கு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை நாடெங்கும் நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஒரு வட்டாரத்துக்குச் சோறிட்ட தொழிலே அச்சோற்றை வடிக்கும் தண்ணீரைக் கெடுத்தது என்பது இங்குள்ள ஒவ்வோர் இல்லத்தலைவியும் குடத்தைத் தூக்கும்போது அறிந்த உண்மை.

ஆம்பூர்ப் பந்தியில்

ஆம்பூர்ப் பிரியாணியின் பெயரை அறியாதவர் தமிழகத்தில் அரியர். ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கூடத்திலிருந்து இக்கலை இவ்வூருக்கு வந்தது என்பது வழிவழிச் செய்தி. இவ்வூரின் பெயர்பெற்ற கடைகளுள் ஒன்றான ஸ்டார் பிரியாணி, தன் மரபு 1890-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஊரின் ஊடே செல்வதால், பயணிகளே இதன் புகழை ஊரூராய்க் கொண்டுசென்றனர்.

இதன் சிறப்பு எதில் இருக்கிறது? முதலாவது, அரிசி. நீண்ட பாசுமதியை இங்கு நாடுவதில்லை. சீரகம் போன்று சிறுத்த சீரகச் சம்பாவே இதற்கு உரியது. இரண்டாவது, காரம். மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதைச் சேர்க்கின்றனர். அதனால் நிறம் உண்டு, எரிச்சல் இல்லை. இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, ஏலம், தயிர், புதினா ஆகியவற்றோடு இறைச்சி வெந்து குழையும் பதத்தில், தனியே முக்கால் பாகம் வேகவைத்து வடித்த அரிசியை அதன்மேல் சேர்த்து, மூடியின்மேல் தணல் பரப்பித் தம் போடுகின்றனர். மேலும் கீழும் சூடு பெற்று, ஆவி வெளியேறாமல், அரிசி தன் கடைசிப் பாகத்தை இறைச்சிச் சாற்றிலே வேகவைத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு மூடியைத் திறப்பவருக்கு அது வசப்படுவதில்லை.

இதற்குத் துணையாய் வருவன இரண்டு: தயிர் வெங்காயமும், புளியும் எள்ளும் சேர்த்த கத்திரிக்காய்க் குழம்பும். ஒடுகத்தூர் அமைந்துள்ள அணைக்கட்டு வட்டத்திலேயே இலவம்பாடி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் முள்ளுக் கத்திரிக்காய் காம்பெல்லாம் முள்ளாய், உள்ளே வெண்ணெயாய் இருப்பது. அதற்கு 2023-இல் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்னும் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயா ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்து, பரிமாறிய தம்பியிடம், “இது இலவம்பாடிக் காய் இல்லையே?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “அது கிடைச்சா விடுவோமா ஆயா?” என்றார். கடைச்சோற்றைப் பழித்த ஆயாவுக்கு அக்கணமே கடை சொந்த வீடாயிற்று.

முதல் தட்டு வந்தபோது பெரியப்பா அதைத் தம் மருமகளின் முன் நகர்த்தினார். அண்ணியார் கைவைக்கவில்லை, மேசையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைக்கு வந்ததா, ஆயாவுக்குத் தயிர் வந்ததா, தண்ணீர்க் குவளை யாருக்குக் குறைவு என்று அவர் கண்கள் எண்ணிக்கொண்டிருந்தன. “சாப்பிடும்மா, ஆறிடும்” என்றார் பெரியம்மா. பிறகே உண்டார். பாதித் தட்டு தீர்ந்தபின் யாரையும் பார்க்காமல், “ஆவி பறக்கிற சோத்தை உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!” என்றார். குறைகூறும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஏதோ மறந்துபோன சுவையை நினைவுகூர்ந்தவர்போல் சொன்னார். பெரியம்மா தம் தட்டில் இருந்த நல்ல துண்டு ஒன்றை எடுத்து மருமகளின் தட்டில் வைத்தார். மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை.

சமைத்தவர் யார்?

உண்டு முடித்தபின் பிள்ளைகள் அண்டாவைப் பார்க்க ஆவலுற்றனர். கடைக்காரர் இசைந்து, கொல்லைப்புறச் சமையற்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். விறகுப் புகையில் கண் சிவந்து நின்ற மாஸ்டர் விடியல் மூன்று மணிக்கு எழுந்தவர். “பண்டிகை நாளில் எங்களுக்கு லீவு ஏதுங்க? அன்னைக்குத்தான் கூட்டம். வீட்டு ஆளுங்களோட நாங்க சாப்பிடறது மறுநாள் ராத்திரி” என்றார்.

ஒரு வீட்டின் அடுப்பு ஓய்வதற்கு வேறோர் அடுப்பு எரிகிறது என்பதை அவ்விடத்தில் தெளிவாய்க் கண்டோம். ஆகவே வெளியே உண்பவர்க்கும் கடமை உண்டு. மேசையைத் துடைக்கும் சிறுவனை ‘டேய்’ என்று அழைக்காதிருத்தல், உணவை வீணாக்காதிருத்தல், பரிமாறியவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுதல் ஆகியவை செலவில்லாத கடமைகள். புறப்படும்போது அண்ணியார்தாம் பிள்ளையின் கையில் பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்து, மாஸ்டரிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். தாம் சுட்ட அதிரசத்தை, தமக்குச் சமைத்தவருக்கு அவர் அனுப்பினார்.

பந்தியின் பொருள் யார் சமைத்தார் என்பதில் மட்டும் அடங்குவதில்லை. யார் அமரலாம் என்பதிலும் இருக்கிறது. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்று நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. இவ்வூரில் பலர் உண்ணும் மாட்டிறைச்சிப் பிரியாணி அதில் இடம்பெறாது என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. ஊர்ப் பந்தியாயினும் வீட்டுப் பந்தியாயினும் ஒருவரின் தட்டு குறைந்தால், மற்றவர்க்கு உணவு நிறைந்தும் விருந்து நிறைவதில்லை.

வீடு திரும்பிய மாலை

மாலையில் வீடு திரும்பியதும் வழக்கம்போல் அண்ணியார் அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். வழியை மறித்து நின்றவர்கள் அவர்தம் கணவரும் பெரியப்பாவும். பிள்ளைகள் வெங்காயம் உரிக்க, பெரியப்பா ரவையை வறுக்க, உப்புமா உருவாயிற்று. உப்புச் சற்றுக் கூடுதல். அடியும் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆயினும் அன்று எல்லாரும் ஒரே வேளையில், ஒரே பந்தியில் தரையில் அமர்ந்து உண்டனர். பாத்திரங்களைத் துலக்கியவர் அண்ணன். “நாளையிலிருந்து ஞாயிறுதோறும் ராத்திரிச் சமையல் எங்க பொறுப்பு” என்று பெரியப்பா சொன்னபோது ஆயா, “உப்பை மட்டும் என்னைக் கேட்டுப் போடு” என்றார்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் தம் சீடர்க்குக் காட்சியளித்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் கூறுகிறது. இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்காகக் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தார். உண்ண வாருங்கள் என்று அழைத்தவரும், எடுத்துக் கொடுத்தவரும் அவரே. உழைத்துக் களைத்து வருபவர்க்கு அடுப்பு மூட்டி வைப்பதை ஆண்டவரே செய்திருக்க, அதை ஆண்களுக்கு இழுக்கு என்று எந்தக் கிறிஸ்தவக் குடும்பம் சொல்ல இயலும்?

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

கடைக்குச் சென்று உண்ண எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது என்பதை அறிவோம். இருபத்திரண்டு பேரைக் கொண்டு செல்வதற்குப் பெரியப்பாவின் உறையும் போதவில்லை. ஒன்பது பேரே சென்றோம். பணமின்றியும் செய்யத்தக்கவை பல உள்ளன.

பண்டிகைக்கு முன்னரே வேலைகளைத் தாளில் எழுதிப் பெயரிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். தேங்காய் துருவவும் பூண்டு உரிக்கவும் பிள்ளைகள் போதும்; மாவு இடிக்கவும் அண்டா தூக்கவும் ஆண்கள் இருக்கிறார்கள்; பாகின் பதம் மட்டும் அறிந்தவர் கையில் இருக்கட்டும். பத்து வகைக்குப் பதில் நான்கு வகை சமைத்தால் விருந்தினர் எவரும் வருந்தமாட்டார். உறவினர் பலர் கூடும் நாளில் ஆளுக்கு ஒரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவரும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ செல்லலாம். புளிச்சோறும் துவையலும் போதுமானவை. இவை எதுவும் இயலாவிடில், மூன்று பந்தியை ஒரே பந்தியாக்கி, எல்லாவற்றையும் நடுவில் வைத்து, அவரவர் எடுத்து உண்ணலாம். சமைத்தவர் வரும்வரை எவரும் கைவைப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்தால் அதுவே பெரும் மாற்றம்.

வீட்டுச் சமையலின் அருமையை இதனால் குறைத்து எண்ணுகிறோம் என்று யாரும் கருத வேண்டா. பெரியம்மாவின் கறிக்குழம்புக்கு ஈடாக ஆம்பூரிலும் ஒன்று கண்டிலோம். அக்கைப்பக்குவம் இன்னும் பல தலைமுறைக்கு வாழ வேண்டும் என்பதே எங்கள் வேட்கை. அதற்காகவே, அக்கைக்கு ஓய்வு வேண்டும் என்கிறோம். வேறு கைகளும் அதைக் கற்க வேண்டும் என்கிறோம். வீட்டில் ஒருவர் மட்டுமே அறிந்த பக்குவம் அவரோடு மறைந்துபோகும். பேரனும் அதிரசப் பாகின் பதம் அறிந்த வீட்டில் அது நிலைக்கும்.

விரைவில் பொங்கல் வரும்; பின்பு உயிர்ப்புப் பெருவிழா வரும்; கோடை விடுமுறையில் உறவினர் வருவர். அடுத்த விருந்துக்கு இலை விரிக்கும்போது, முதல் இலையை யாருக்கு விரிப்பது என்பதை உங்கள் இல்லத்தில் எல்லாருமாய்க் கூடி முடிவு செய்யுங்கள். அந்த இலையில் விழும் சோறு சூடாக இருக்கட்டும்.